பள்ளத்தாக்கின் வாசலில் விட்டு வந்த ஷூ

சுற்றுலா அழைத்துப் போகிறவளுக்கு ஊர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவள் பார்ப்பதெல்லாம் மனிதர்களின் முதுகைத்தான். கடைசி ஆளுக்கும் பின்னால் நடக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. ஒரு வேன் நிறைய உறவினர்களை ஏற்றிக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். டீக்கடையில் இறங்கியவர் ஏறிவிட்டாரா என்று பார்ப்பதிலேயே உங்கள் கல்யாணம் முடிந்துபோயிருக்கும். தாலி கட்டியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற வருடமே என் கணவரும் போய்விட்டார். ஒரு டம்ளர் அரிசிகூட ஒரு நாளில் செலவாகாத வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பழைய மாணவி ஒருத்தி தன் டிராவல்ஸ் வேலைக்குக் கூப்பிட்டாள். "நீங்க இங்கிலீஷ் பேசினாப் போதும் மேடம், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள். 'மத்ததெல்லாம்' என்பதில் எதெல்லாம் அடங்கும் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் வருவது டீலர் டூர். சிமெண்ட் கம்பெனி சொன்ன அளவுக்கு மூட்டை விற்றுக் காட்டும் கடைக்காரர்களைக் கம்பெனியே வெளிநாடு அனுப்பும். வழக்கமாக பாங்காக். எல்லோரும் பாங்காக்கைப் பார்த்துத் தீர்த்துவிட்டதால் இந்த முறை மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவு. அங்கே ஒரு நீண்ட பள்ளத்தாக்கு உண்டு. மலைமேலிருந்து இறங்க ஆரம்பித்தால் பகல் முழுக்க நடந்து, சாலையே இல்லாத ஒரு கடற்கரையில் போய்ச் சேரலாம். அந்தக் கரையில் கம்பெனி பேனரைப் பிடித்துக்கொண்டு டீலர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதில் நடந்து பார்த்தவர் இல்லை என்று மட்டும் தெரியும்.

தொப்பியும் கைப்பையும்

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவதற்கு முன் கம்பெனியின் விற்பனை அதிகாரி பிரசாத் அன்பளிப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீலர்களுக்கு ஆரஞ்சு நிறத் தொப்பி. உடன் வரும் மனைவிகளுக்கு ரோஸ் நிறக் கைப்பை. செய்யூர் அஞ்சலையின் முறை வந்தபோது கைப்பையை நீட்டிவிட்டு, "சார் எங்கக்கா, டாய்லெட் போயிருக்காரா?" என்று கேட்டார்.

சார் யாரும் வரவில்லை. சார் அரசுப் பேருந்து ஓட்டுநர்; அன்றைக்கு டியூட்டியில் இருந்தார். செய்யூர் கடைத்தெருவில் சிமெண்டும் கம்பியும் பெயிண்டும் விற்கும் கடை ஆரம்பத்திலிருந்தே அஞ்சலையுடையது. மூட்டை விற்றது அவர், பரிசு வென்றது அவர். இதை நான் பிரசாத்துக்கு எடுத்துச் சொன்னேன். டீலர் எத்தனை பேரோ அத்தனை தொப்பிதான் வந்தது, எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று என்றார். அப்படியானால் அஞ்சலையின் தொப்பி எங்கே என்று சுற்றிலும் தேடினேன். அது பிரசாத்தின் தலையில் இருந்தது. அதைச் சுட்டிக் காட்டியபோதும் அவருக்குக் கூச்சமே இல்லை. "லேடீஸுக்குத் தொப்பி செட் ஆகாது மேடம். கொண்டை வேற இருக்குல்ல."

கல்லாவுக்கு மேலே உள்ள சுவர்

விமானத்தில் அஞ்சலை என் பக்கத்து இருக்கை. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. அவர் கைப்பையைத் திறந்து பார்த்து, உள்ளே பை நிறைய ஜிப் இருக்கிறது என்று மெச்சிக்கொண்டார். தொப்பி போனால் போகட்டும், போட்டோவில் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள்தானே என்று மட்டும் கேட்டார். அதற்காகத்தான் வந்தாராம்.

இந்த டீலர் டூர் போட்டோவைக் கம்பெனி பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஒவ்வொரு கடைக்கும் அனுப்பும். அஞ்சலையின் கடைக்கு எதிர்க்கடைக்காரர் கல்லாவுக்கு மேல் அப்படிப்பட்ட போட்டோக்களை வரிசையாக மாட்டியிருக்கிறார். அவர்கள் குடும்பத்து வேர்க்கடலைக் கொல்லையில்தான் அஞ்சலையின் அம்மா கூலிக்கு மல்லாட்டை பிடுங்கினார். இதைச் சொல்லும்போது அஞ்சலையின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மேகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைக்கு வர்ற மேஸ்திரிங்க இன்னா கேக்குறானுங்க தெரியுமா மேடம்? என்னையே பாத்துகினு 'ஓனர் இல்லியா'ன்றானுங்க. அந்த போட்டோ ஒண்ணு என் தலைக்கு மேல இருந்துச்சுன்னா எவனும் கேக்க மாட்டான்."

அறைச் செருப்பு

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே ஹோட்டல் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். அறையில் போட்டுக்கொள்ள வெள்ளைத் துண்டுத் துணியில் செய்த செருப்பு வைப்பார்கள் அல்லவா, அதை எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டது பற்றி அவருக்கு வருத்தமில்லை. தாழ்வாரத்தில் நின்ற சுத்தம் செய்யும் தள்ளுவண்டியில் இருந்ததையும் சேர்த்துக் காலி செய்துவிட்டார்கள் என்பதுதான் புகார். அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையில் எனக்குக் காது சுட்டது.

சிற்றுண்டி நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும், எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவித்தேன். கல்லூரியில் வராண்டாவில் ஓடும் பெண்களை நிறுத்தும் குரலில் சொன்னேன். தள்ளுவண்டிக்குப் பக்கத்து அறை சிங்கப்பெருமாள் கோயில் டீலர் தனசேகருடையது. அவர் மனைவி கஸ்தூரி தலை குனிந்து இட்லியைத் தேடுவது போல ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார். செருப்பு ஒன்றும் வரவில்லை. தனசேகர்தான் நியாயம் பேசினார்: "இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க. ரூமுக்குக் காசு குடுத்தது நம்ம கம்பெனி. செருப்பு மட்டும் அவன் மாமனார் வூட்டு சொத்தா?"

மைக்

பள்ளத்தாக்குக்குப் போகும் நாள் விடியும் முன்பே பஸ் ஏறினோம். மலைப்பாதை தொடங்கியதும் மைக்கை வாங்கிப் பேச ஆரம்பித்தேன். இது ஒருவழி நடை. மேலிருந்து இறங்கினால் கீழே கடற்கரையில்தான் வெளியேற முடியும். நம்மை இறக்கிவிட்டு பஸ் வேறு ஊருக்குப் போய்விடும். சாயங்காலம் கடைசிப் படகைப் பிடித்துத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். இவ்வளவையும் சொல்ல எழுந்தேன். 'இது ஒருவழி' என்று வாயெடுத்ததுமே பிரசாத் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். தம்போலா ஆட்டம் ஆரம்பித்துவிட்டதாம். எண் கூப்பிட வேண்டுமாம்.

பிரசாத் நடக்கவும் இல்லை. எங்களைப் பள்ளத்தாக்கின் வாசலில் இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் துறைமுகம் போய், படகேறிக் கடற்கரையில் பேனர் கட்டப் போவதாகச் சொன்னார். அஞ்சலையின் தொப்பியும் அவரோடு சொகுசாகப் படகில் போயிற்று. எனக்குச் சொன்ன ஆறுதல் இதுதான்: "நீங்க சொல்ல வந்ததை வாட்ஸ்அப்ல போட்டுருங்க மேடம், எல்லாரும் படிச்சிருவாங்க." அந்த மலையில் சிக்னல் கிடையாது.

மலையடி

அந்தப் பள்ளத்தாக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பைன் மரங்களுக்கிடையே பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. கீழே போகப் போக இரண்டு பக்கமும் பாறை எழும்பி, வானம் ஒரு நாடாவாகக் குறுகிவிடுகிறது. வெண்கற்களுக்கு அடியில் ஓடை சில இடங்களில் தெரிகிறது, சில இடங்களில் கேட்க மட்டும் செய்கிறது. இதைக் காது கொடுத்துக் கேட்க நினைத்த நேரமெல்லாம் எனக்கு முன்னால் தனசேகரின் ஸ்பீக்கர் குத்துப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அஞ்சலையைக் காணவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கிய உடனே, நான் வாய் திறப்பதற்குள், எல்லோரையும் தாண்டி முன்னால் போய்விட்டார் என்றார்கள்.

பாதி வழியில் ஆட்கள் விட்டுப்போன பழைய கற்குடியிருப்பு ஒன்று இருக்கிறது. வனக்காவலர்கள் அங்கே இருப்பார்கள். அஞ்சலை ஓடையில் காலை விட்டுக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீரிலிருந்து காலை எடுத்துக் காட்டியபோது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளமும் கிழிசலும். ஷூ எங்கே என்று கேட்டேன். வாசலில் விட்டுவிட்டு வந்தாராம்.

அவர் பௌர்ணமி தவறாமல் திருக்கழுக்குன்றம் மலையைச் சுற்றுகிறவர். மலையடியில் செருப்பை விடுவது, வெறுங்காலோடு நடப்பது, புறப்பட்ட இடத்துக்கே வந்து செருப்பை மாட்டிக்கொள்வது, இதுதான் அவருக்குத் தெரிந்த மலை. இங்கேயும் பெரிய மலை இருந்தது. வாசலில் விளக்கெரியும் ஒரு சின்னக் கோயிலும் இருந்தது. எந்தச் சாமியானால் என்ன. பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து உள்ளே வைத்து, அந்தக் கோயில் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டுக் கும்பிட்டு இறங்கியிருக்கிறார். நாம் அந்த வாசலுக்குத் திரும்பிப் போகப்போவதில்லை என்று நான் சொன்னேன். அவர் காலை மறுபடி ஓடையில் விட்டார். கோபமில்லாமல் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை: "திரும்பி வராத வழின்னா அத முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்?"

கோவேறு கழுதை

அடிபட்டவர்களைச் சுமந்து போகக் காவலர்கள் அங்கே ஒரு கோவேறு கழுதை வைத்திருக்கிறார்கள். நரைத்த மீசைக் காவலர் ஒருவர் அஞ்சலையின் காலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கழுதையை இழுத்து வந்தார். வெறுங்காலோடு இனி ஓரடி விடமாட்டேன் என்று கையால் கோடு கிழித்துக் காட்டினார். அஞ்சலை ஏறமாட்டேன் என்றார். கரைக்கு நடந்துதான் போக வேண்டும். கழுதையில் வந்து இறங்கினால் செய்யூர் வரைக்கும் அதுதான் பேச்சாக இருக்கும், போட்டோ செல்லாது என்றார்.

அவர் பயந்ததில் தவறே இல்லை. நான் காவலரிடம் மன்றாடிக்கொண்டிருந்தபோதே தனசேகர் போனை உயர்த்திப் பிடித்துவிட்டார். டீலர்கள் குரூப்பில் போட வீடியோ. "அக்கா, அப்படியே ஏறி ஒரு டாட்டா காட்டு" என்று வேறு சொன்னார். அஞ்சலை கழுதையையும் அவரையும் ஒரு தரம் பார்த்தார். "நீ ஏறிக்கோ அண்ணாத்த. போனை இப்டிக் குடு, ரெண்டு பேரையும் நானே எடுக்குறேன்."

திருட்டுச் சொத்து

காலில் ஏதாவது போட்டால் நடக்கவிடுகிறேன் என்று காவலர் இறங்கி வந்தார். என் ஷூ அஞ்சலையின் பாதி காலுக்குத்தான் வந்தது. அங்கே கடை கிடையாது. ஆண்கள் எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரும் குனியவில்லை. அப்போது கஸ்தூரி தன் ரோஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். அது தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு வந்தால் நான் சோதனை போடுவேன் என்று மலைக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

கேட்கத்தான் வேண்டியிருந்தது. கேட்டேன். கஸ்தூரி பையைத் திறந்தார். வெள்ளைச் செருப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அஞ்சலையின் காலுக்குக் கீழே வைத்தோம். தொப்பிக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்த கைப்பையின் நீள வார்களைக் காவலர் கத்தியால் அறுத்துத் தர, அதைக் கொண்டு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். முடிச்சுப் போட்டவர் கஸ்தூரி. நல்ல இறுக்கமான முடிச்சு. போட்டு முடித்து நிமிர்ந்தபோது என் முகத்தை நேராகப் பார்த்து முதல்முறையாகப் பேசினார்: "எல்லார் எதுருலயும் திருப்பிக் குடுன்னு சொன்னீங்களே மேடம். குடுத்திருந்தா இப்போ இன்னா பண்ணியிருப்பீங்க?"

ஒரு கால் கரையில்

மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் மெதுவாக நடந்தோம். ஓரிடத்தில் இரண்டு பாறைச் சுவர்களும் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நெருங்கி வந்தன. அஞ்சலை அங்கே மட்டும் நின்று, ஒரு சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் படித்த கவிதைகளில் ஒன்றாவது அந்த இடத்தில் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். கடைசிப் படகுதான் நினைவுக்கு வந்தது.

பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்ததும் கடல் தெரிந்தது. நம் சதுரங்கப்பட்டினத்துக் கடல் போல இரையவில்லை. நீலமாக, சத்தமில்லாமல் கிடந்தது. கரையெல்லாம் கறுத்த கூழாங்கல், வெயிலில் கொதித்தது. படகு முன்பக்கப் பலகையைக் கரையில் இறக்கி வைத்து, சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறியாயிற்று, கஸ்தூரியைத் தவிர. அவர் ஒரு காலைப் பலகையிலும் ஒரு காலைக் கூழாங்கல்லிலும் வைத்துக்கொண்டு நின்றார். நம் பக்கத்தில் டவுன் பஸ்ஸை நிறுத்தி வைப்பவர்கள் நிற்பார்களே, கைக்குழந்தைக்காரி பின்னால் வருகிறாள் என்று, அதே நிலை. பலகையைத் தூக்கினால் பெண் விழுந்துவிடுவாள். தூக்காவிட்டால் படகு நகராது.

விட்டுவிட்டுப் போய்விடலாம், அவர்கள் நாளைக்கு வரட்டும் என்று பிரசாத் படகுக்காரரிடம் சொன்னதைக் கேட்டுத்தான் கஸ்தூரி ஒரு காலைக் கீழே இறக்கினாராம். படகு ஊழியர் ஒருவர் கிரேக்க மொழியில் கத்தினார். மேலேயிருந்து கணவர் தமிழில் கத்தினார். கஸ்தூரி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருந்தார்: "கத்தாத நைனா. ரெண்டு பேரு வந்துகினு கீறாங்க."

பேனர்

படகை நெருங்கியதும் அஞ்சலை கேட்டது ஒன்றைத்தான். போட்டோ? பிரசாத் கையை அவசரமாக ஆட்டினார். அப்போதே எடுத்தாயிற்று, ஹெட் ஆபீசுக்கு அனுப்பப் போகிறேன், பேனரை மடித்தாயிற்று, ஏறுங்கள் என்றார். அஞ்சலை ஏறவில்லை. அழவும் இல்லை. "நீங்க போங்க சார்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கொதிக்கிற கல்லிலேயே நின்றார். கஸ்தூரி பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை.

முப்பது வருடம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, கோபம் வந்தால் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. பலகையில் ஏறிப் போய்ப் பிரசாத்தின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி எடுத்து வந்து அஞ்சலையின் தலையில் வைத்தேன். கொண்டையின் மேல் அது சரிந்துதான் உட்கார்ந்தது. செட் ஆகவில்லை என்பது உண்மைதான். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் கரைந்தது தனசேகர்தான். நல்ல மனசு வந்து அல்ல, பசி. "யோவ், பேனரைப் பிரிய்யா. இந்த ரெண்டு பொம்பளைங்களும் நம்மள இங்கியே குடித்தனம் வெச்சுடுவாங்க" என்று இறங்கினார். மற்றவர்கள் முனகிக்கொண்டே பின்னால் இறங்கினார்கள். கத்திக்கொண்டிருந்த படகு ஊழியரே பிரசாத்தின் போனை வாங்கி எதிரில் போய் நின்றார். அஞ்சலை நடுவில் நின்றார், பேனருக்கு முன்னால். காலில் ஹோட்டல் செருப்பின் அடுக்கு, ரோஸ் வார்க் கட்டு, ஓரத்தில் ரத்தக்கறை. பிரசாத்துக்கு அது பொறுக்கவில்லை. பேனருக்குப் பின்னால் போய் நில்லுங்கள் அக்கா, கால் தெரிகிறது, ஹெட் ஆபீசுக்குப் போகிற போட்டோ என்றார். அஞ்சலை நகரவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியட்டும் சார். நடந்து வந்தது அதானே."

சென்ற மாதம் செய்யூர் பக்கம் போனபோது கடைக்குள் நுழைந்து பார்த்தேன். கல்லாவுக்கு மேலே போட்டோ மாட்டியிருந்தது, கால் வரைக்கும். என் கண்ணெதிரிலேயே ஒரு மேஸ்திரி வந்து "ஓனர் இல்லியா?" என்று கேட்டான். அஞ்சலை தலை நிமிராமல் விரலை மட்டும் மேலே காட்டினார். அவன் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றி, கம்பி விலையைக் கேட்டான்.

இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆட்களையெல்லாம் எப்படியோ வீடு கொண்டுவந்து சேர்த்துவிடலாம், மடித்த சாக்ஸோடு அந்தக் கோயில் சுவரோரம் காத்திருக்கும் ஒரு ஜோடிப் புது ஷூவிடம் இது ஒருவழி என்று சொல்ல மட்டும் இன்றுவரை எனக்கு மைக் கிடைக்கவில்லை.